எல்லோர் கையிலும் ஒரு சாவி

“ஒரே ஒரு வரி அம்மா. ஒரு எண்ணை அழிச்சுட்டு இன்னொரு எண்ணைப் போடணும். அதுக்கு விட மாட்டேங்குது” என்றார் சங்கிலி.

அழகம்மை கொய்யாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எது விட மாட்டேங்குது?”

“அந்தப் பெட்டிதான். வேற எது? காலையிலேயிருந்து மல்லுக்கட்டுறேன்.”

பெட்டி என்று அவர் சொன்னது மடத்துக் கணினியை.

மலைமேல் ஒரு சுனை. சுனைக்குக் கீழே ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து மேலக்குடிக்கு ஒரு குழாய், கீழக்குடிக்கு ஒரு குழாய். முன்பெல்லாம் குழாய்களைத் திறந்து மூட இரும்புச் சக்கரங்கள் இருந்தன. இந்த ஊர்க்காரர்கள் திறந்தால் அந்த ஊர்க்காரர்கள் போய் மூடினார்கள். கடைசியில் ஒரு கோடையில் இரண்டு ஊரும் கைகலந்து, சக்கரங்களைப் பிடுங்கி ஆளுக்கொன்றாகக் கிணற்றில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வேலை மடத்துக்கு வந்தது. மடம் அதைக் கணினியிடம் கொடுத்தது. இப்போது தொட்டியடியில் கையால் திருப்ப எதுவும் கிடையாது. கணினி சொன்னால் வால்வு திறக்கும். கணினி சொல்லாவிட்டால் ஊரே திரண்டு வந்தாலும் திறக்காது.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த மாதம்தான் சங்கிலியின் கைக்கு வந்திருந்தது. அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். லாரியை விற்றுவிட்டு, கற்றுக்கொள்ள வேண்டும் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குக் கற்றுத்தரும் அழகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சங்கிலி அவரை அம்மா என்பார். அவர் சங்கிலியை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

முந்தின நாள் இடி விழுந்து கீழக்குடி வால்வின் மின்கருவி கருகிப்போயிற்று. காலையில் ஆள் வந்து புதுக் கருவி பொருத்திவிட்டுப் போனான். புதுக் கருவிக்குப் புது எண். கணினிக்குப் பழைய எண்தான் தெரியும். அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றினால் கீழக்குடிக்குத் தண்ணீர் போகும்.

கீழக்குடியில் மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலமே வந்து இறங்குகிறார்கள். பெண்ணின் அம்மா செல்லக்கிளி இரண்டு காலிக் குடங்களோடு மடத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கணினி அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்தது. அவள் பேசுவதெல்லாம் உள்ளே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள்.

“என்ன சொல்லுது பெட்டி?” என்று அழகம்மை கேட்டார்.

“அனுமதி மறுக்கப்பட்டதுன்னு சொல்லுது.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்! எதிர்ல நான்தானே உட்கார்ந்திருக்கேன்?”

“அதுக்குக் கண்ணு கிடையாதே அண்ணே.”

சங்கிலி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

*

திரையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. காலையிலிருந்து அதை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

விருந்தினர்.

யாரோ யாத்திரைக்காரன் ரயில் நேரம் பார்க்க உட்கார்ந்தவன், அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை நேரமும் சங்கிலி அவனாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

“சாமியண்ணே, ஆச்சா?” என்று செல்லக்கிளி ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“நான் சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆயிடும், இரு.”

விருந்தினரை வெளியே அனுப்பினார். தன் பெயரில் உள்ளே வந்தார். கோப்பைத் திறந்தார். பழைய எண்ணை அழித்தார். புது எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். இரண்டு முறை சரிபார்த்தார். சேமிக்கச் சொன்னார்.

‘சங்கிலிக்கு இந்தக் கோப்பைப் படிக்க அனுமதி உண்டு. எழுத அனுமதி இல்லை.’

மேசையில் ஒரு குத்து விட்டார். எழுதுகோல் உருண்டு கீழே விழுந்தது.

*

“முதல்லயாவது யாரோன்னு விரட்டிச்சு. இப்ப பேரைச் சொல்லியே விரட்டுது” என்றார் சங்கிலி.

“நல்லது. தெரிஞ்சவராயிட்டீங்க” என்றார் அழகம்மை.

“விளையாடாதீங்க அம்மா. அங்க அடுப்பு மூட்டியாச்சாம். அரிசி களையத் தண்ணி இல்லை.”

“சமையல்கட்டுல போய்க் கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“கொய்யாக்காய் சப்புன்னு இருக்கு.”

சங்கிலி போனார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சமையல்கட்டுக்குள் அன்றைய முறைக்காரர் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. மடத்துத் தலைவரே ஆனாலும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். அன்றைக்கு முறை மாடத்தியுடையது. மாடத்திக்கு வெளியே நிற்பவர்களை நிற்கவைத்துப் பார்ப்பதில் ஒரு பிரியம் உண்டு.

“என்ன?”

“உப்பு.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா? ஒரு சிட்டிகையா, ஒரு கையா, ஒரு படியா?”

“ஒரு சிட்டிகை தாயே.”

“எதுக்கு?”

“கொய்யாக்காய்க்கு! அழகம்மை அம்மாவோட கொய்யாக்காய்க்கு! அங்க ஒரு ஊரே தண்ணி இல்லாமக் கிடக்கு, நான் இங்க உப்புக்கு நிக்கிறேன்!”

“அதுக்கு என்கிட்ட ஏன் பாயுறீங்க?” என்று மாடத்தி ஒரு வாழையிலைத் துண்டில் சிட்டிகை உப்பை வைத்து நீட்டினாள். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். ஒரு கல் கூடவில்லை.

சங்கிலி அதைக் கொண்டுபோய் அழகம்மையின் முன்னால் வைத்தார்.

“குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“உள்ளே விட்டாங்களா?”

“எங்க விடுறாங்க? வாசல்லயே நிக்கவெச்சுக் கேள்வி.”

“உப்பு வந்துடுச்சே” என்றார் அழகம்மை. ஒரு துண்டு கொய்யாவை உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு துண்டை சங்கிலியிடம் நீட்டினார்.

சங்கிலி வாங்கவில்லை.

“அம்மா, எனக்கு இந்தப் பூடகமெல்லாம் வேண்டாம். நான் படிக்காதவன். முப்பது வருஷம் ஒவ்வொரு செக்போஸ்ட்டா நின்னவன். ஒருத்தன் வண்டிப் புத்தகம் கேட்பான். ஒருத்தன் லைசென்ஸ் கேட்பான். ஒருத்தன் எதுவும் கேட்காமலே கட்டையைத் தூக்க மாட்டான். அது வேண்டாம்னுதான் இங்க வந்தேன். இங்கயும் ஒரு கட்டை. எனக்குப் பொறுப்பைக் குடுத்தீங்க. அதிகாரத்தைக் குடுக்கலை. எல்லாத்தையும் திறக்கிற தலைமைப் பாஸ்வேர்டைக் குடுங்க.”

கொடுக்க மாட்டார் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். அடுத்து என்ன கத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

அழகம்மை வாழையிலையின் பின்பக்கத்தில் நகத்தால் கீறி எழுதிக் கொடுத்தார்.

*

தலைமைப் பெயரில் உள்ளே போனதும் எல்லாம் லேசாக இருந்தது. புதிதாகப் போட்ட தார்ச்சாலை மாதிரி இருந்தது. கோப்பு திறந்தது. எண் மாறியது. சேமிக்கச் சொன்னார். சேமித்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

சங்கிலிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்றைக்கு இந்த வரி. நாளைக்கு வேறொரு வரி வரும். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாய் மாதிரி ஓட வேண்டுமா? இந்தப் பெட்டிக்குள் எத்தனை கட்டை இருக்கிறதோ அத்தனையையும் இன்றைக்கே பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். தனக்கு மட்டும் என்று எழுதினால் சுயநலம் ஆகிவிடும். எல்லோருக்கும் என்றே எழுதுவோம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எல்லாக் கோப்புக்கும், எல்லோருக்கும், எல்லா உரிமையும். அப்படி ஒரே கட்டளை. அழகம்மை ஒருமுறை பாடம் நடத்தும்போது, செய்யக் கூடாதது என்று சொல்லிக் காட்டியது. செய்யக் கூடாதது எப்போதும் நன்றாக நினைவில் நிற்கிறது.

அடித்தார்.

‘நிச்சயமாகவா?’ என்றுகூடப் பெட்டி கேட்கவில்லை. தலைமைப் பெயரில் வருகிறவரிடம் அது எதையும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு அமைதியானது.

சங்கிலி தலைமைப் பெயரிலிருந்து வெளியே வந்து, தன் பெயரில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்தார்.

“செல்லக்கிளி! எழுந்திரு. வீட்டுக்குப் போன் போட்டுக் குழாயைத் திறக்கச் சொல்லு!”

அவள் போனை எடுத்தாள். சங்கிலி வால்வைத் திறக்கச் சொல்லி விசையைத் தட்டினார்.

செல்லக்கிளி போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சங்கிலியும் காத்திருந்தார்.

“காத்து வருதாம்” என்றாள்.

“முதல்ல காத்துதான் வரும்.”

“இப்ப அதுவும் நின்னுடுச்சாம்.”

சங்கிலி திரையைப் பார்த்தார்.

‘வால்வைத் திறக்கும் சாவிக் கோப்பு எல்லோர் கையிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். இதை ஏற்க முடியாது.’

மறுபடி தட்டினார். மறுபடி அதே பதில். மேலக்குடி வால்வைத் தட்டிப் பார்த்தார். அதற்கும் அதே பதில். வியர்த்துவிட்டது. சரி, போட்டதைத் திருப்பி எடுத்துவிடுவோம் என்று தலைமைப் பெயரை அழைத்து, வாழையிலையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

‘யாருக்கு அதிகாரம் என்று சொல்லும் கோப்பையே யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இருக்கிறது. ஆகவே யாருக்கும் அதிகாரம் தர இயலாது.’

இப்போது ஒரு ஊருக்கு அல்ல, இரண்டு ஊருக்கும் தண்ணீர் இல்லை.

*

“திட்டுங்க அம்மா” என்றார் சங்கிலி.

அழகம்மை கையைக் கழுவிவிட்டு எழுந்தார். “திட்டினாத் தண்ணி வருமா?”

“வராது. ஆனா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

“உங்களுக்கா, எனக்கா?”

இருவரும் கணினி அறைக்கு நடந்தார்கள். நடக்கும்போது சங்கிலியே மறுபடி ஆரம்பித்தார். “நான்தான் புத்தி கெட்டுப்போய்க் கேட்டேன். நீங்க ஏன் உடனே குடுத்தீங்க? கேட்டதும் குடுக்கிற பொருளா அது?”

“பொறுப்பைக் குடுத்துட்டு அதிகாரத்தைக் குடுக்கலைன்னு சொன்னீங்களே. யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னது சரி.”

அந்தப் பதில்தான் அவருக்குத் திட்டைவிடச் சுட்டது.

அழகம்மை பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு வட்டை எடுத்தார். கணினி முழுவதையும் போன வெள்ளிக்கிழமை பிரதி எடுத்து வைத்திருந்த வட்டு. கணினியை அணைத்து, அந்தப் பிரதியிலிருந்து எழுப்பினார். கணினி முன்பு எப்படி இருந்தது என்று ஒரு பக்கமும், இப்போது எப்படிக் கிடக்கிறது என்று மறுபக்கமும் திரையில் தெரிந்தன. நாற்காலியை சங்கிலியின் பக்கம் தள்ளினார்.

“நீங்க அடிங்க.”

“மறுபடியும் நானா?”

“கை உங்களோடதுதானே.”

செல்லக்கிளி இதற்குள் வாசலை விட்டு எழுந்து, அறைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டாள். இடுப்பில் ஒரு குடம்.

“சமையல்காரர் கேட்கிறார், அரிசியை எதுல களையிறதுன்னு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ் ஏறிட்டாங்க. வந்தாக் கால் கழுவ என்ன குடுக்கட்டும்? ரெண்டு பெட்டி சோடா இருக்கு. உடைச்சு ஊத்தட்டுமா?”

“கொஞ்சம் பேசாம இரு தாயி” என்றார் சங்கிலி.

“காலையிலேயிருந்து பேசாமத்தான் இருந்தேன்.”

அழகம்மை திரையைக் காட்டினார். “முதல்ல சாவி. இது யாரோடது?”

சங்கிலி பிரதியைப் பார்த்துப் படித்தார். “வால்வை ஓட்டுற நிரலோடது.”

“யார் படிக்கலாம்?”

“அது மட்டும்தான்.”

“யார் எழுதலாம்?”

“அது மட்டும்தான்.” சங்கிலி திரும்பிப் பார்த்தார். “உங்களுக்குப் படிக்கக்கூட இல்லையே அம்மா?”

“அடிங்க.”

அடித்தார். பிறகு அதிகாரம் சொல்லும் கோப்பு. பிறகு நேரம் சொல்லும் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் அழகம்மை அதே மூன்று கேள்வியைக் கேட்டார். யாரோடது, யார் படிக்கலாம், யார் எழுதலாம். ஒன்றைக்கூடத் தாண்டிப் போக விடவில்லை. சங்கிலிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எரிச்சலோடு வேகமாக அடித்தால் எழுத்து தப்பியது. தப்பினால் முதலிலிருந்து. ஆகவே மெதுவாக அடித்தார். மெதுவாக அடிக்க அடிக்க எரிச்சலுக்கு இடமில்லாமல் போயிற்று.

வால்வுக்கு வேண்டியவை முடிந்ததும் அழகம்மை கணினியை அதன் சொந்த வட்டிலிருந்து எழுப்பினார். சங்கிலி தன் பெயரில் வந்து விசையைத் தட்டினார்.

திரை எதுவும் சொல்லவில்லை.

மலைப்பக்கமிருந்து குழாயின் இருமல் ஒன்று கேட்டது. மறுபடி ஒன்று. செல்லக்கிளியின் போனில் யாரோ கத்தினார்கள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். ஒரு குழந்தை வீலென்று சிரித்தது.

“வந்துடுச்சாம்” என்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குடத்தை எடுத்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

“அம்மா, நாளைக்குச் சாப்பிட வந்துடணும். சாமியண்ணே, நீங்களும்தான். அந்த ரெண்டு கையையும் மட்டும் மடத்துலயே வெச்சுட்டு வாங்க. நாங்க ஊட்டி விடுறோம்.”

*

மற்றக் கோப்புகளையும் பழையபடி ஆக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அழகம்மை நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெயரில் உள்ளே வந்தார். சங்கிலி மாற்றிய வரியைத் திறந்தார். எண் சரியாக இருந்தது. எண்ணுக்குப் பின்னால் மட்டும் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அழகம்மையால் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு விட முடியாது. அதை அழித்துவிட்டுச் சேமிக்கச் சொன்னார்.

‘அழகம்மைக்கு இந்தக் கோப்பைப் படிக்க அனுமதி உண்டு. எழுத அனுமதி இல்லை.’

சங்கிலிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“உங்களையுமா! உங்களையே விரட்டுதா! எவன் அம்மா இந்தக் கட்டையைப் போட்டது?”

“நான்தான்.”

“நீங்களா? யாரு வந்துடுவாங்கன்னு பயந்து?”

அழகம்மை திரையில் இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்தார்.

சங்கிலிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

“எங்க அண்ணன் மேலக்குடியில இருக்கான்” என்றார் அழகம்மை. “ரெண்டு ஏக்கர் வாழை. சித்திரையில இலையெல்லாம் கருகும்போது போன் பண்ணுவான். ஒரு அரை மணி நேரம் கூட விடு தாயி, யாருக்குத் தெரியப் போகுதுன்னு. சில சமயம் அழுவான். நான் போனைப் பிடிச்சுக்கிட்டே இங்க வந்து, என் பேர்ல உட்கார்ந்து, நேரக் கோப்பை மாத்திப் பார்ப்பேன். பெட்டி விட மாட்டேங்குதுடான்னு சொல்வேன். அவன்கிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்லை.”

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கீழக்குடிப் பக்கம் கல்யாண வீட்டு விளக்குகள் எரிந்தன.

சங்கிலி சட்டைப் பையைத் தடவினார். வாழையிலைத் துண்டு வாடிச் சுருண்டு கிடந்தது. எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்தப் பாஸ்வேர்டை மாத்திடுங்க அம்மா.”

“மாத்திடுறேன். பொறுப்பு உங்களோடதுதான், அதுல மாற்றமில்லை. அப்ப புதுசை உங்களுக்குச் சொல்ல வேண்டாமா?”

“சொல்லணும்” என்றார் சங்கிலி. “நான் கத்தாமக் கேட்கிற அன்னைக்குச் சொல்லுங்க.”